ஆகஸ்ட் பதினைந்தும் முப்பத்தொன்றும்

நாகலாபுரம், கமுதி, முதுகுளத்தூர்ப் பக்கத்துப் பெரியவர்களிடம் ரேகைச் சட்டம் என்றால் போதும், விளக்க வேண்டியதில்லை. 1871இல் வெள்ளைக்காரன் போட்ட குற்றப் பரம்பரைச் சட்டம் அது. தப்பே செய்யாதவரும் பிறந்த சாதிக்காகக் கைரேகை வைக்கணும். ராத்திரி காவல் நிலையத்தில் போய்ப் படுக்கணும். சென்னை மாகாணம் இதை 1947இல் நீக்கியது. ஆகஸ்ட் பதினைந்தில் சுதந்திரம் வந்தும், நாடு முழுக்கப் போனது 1952 ஆகஸ்ட் 31இல்தான். இதற்கிடையில், 1948லேயே, பழக்கக் குற்றவாளிகள் சட்டம் என்று இங்கே இன்னொன்று வந்துவிட்டது. பலகையை மாற்றி எழுதுவதில் நம்மவர்கள் கெட்டிக்காரர்கள்!

அதே ஆகஸ்ட் 31, ஆண்டு 1995. அதே கரிசல் மண்ணில், ஒட்டப்பிடாரம் வட்டத்துக் கொடியன்குளம். தலித் மக்களின் ஊர். வளைகுடாவுக்குப் போய்ச் சம்பாதித்து, கொஞ்சம் தலையெடுத்திருந்த நேரம். சாதி மோதல் நடந்துகொண்டிருந்த அந்த நாட்களில், குற்றவாளிகளைத் தேடுவதாகச் சொல்லி, சுமார் 600 போலீசார் பட்டப்பகலில் ஊருக்குள் நுழைந்தார்கள். டிவி, மின்விசிறி, தையல் மிஷின் எல்லாம் நொறுங்கின. குடிக்கிற கிணற்றைக்கூடக் கெடுத்தார்கள், படித்த பையன்களின் பாஸ்போர்ட்டைத் தீயில் போட்டார்கள் என்று மக்கள் முறையிட்டார்கள். குற்றவாளியைத் தேடி வந்தவர்களுக்குப் பாஸ்போர்ட் மேல் என்ன கோபம்?