பிதுங்கிய கண்ணுக்கு உள்ளே இடம் உண்டு



"ஏம்மா இப்படி முறைச்சுப் பார்க்கிறே?" இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டு நொந்துபோன பிறகுதான் பலர் கண் மருத்துவரிடம் வருகிறார்கள். அவர்கள் யாரையும் முறைக்கவில்லை. மேலிமை ஏறிக்கொண்டு, கண் முன்னால் தள்ளி நிற்பதால் அப்படித் தெரிகிறது. கூடவே உறுத்தல், ஓயாமல் நீர் வடிதல், வெளிச்சம் பட்டால் கூச்சம். சிலருக்குத் தூங்கும்போதும் இமை முழுதாக மூடாது. விடிந்ததும் கண் சிவந்து காய்ந்திருக்கும்.

இவர்களிடம் மருத்துவர் முதலில் கேட்பது ஒரு பழைய புகைப்படம். கல்யாண ஆல்பத்தில் இருக்கும் கண்ணையும் இன்றைய கண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், மாற்றம் எப்போது தொடங்கியது என்பது பிடிபடும். அடுத்து, ஹெர்டல் என்பவர் பெயரில் வழங்கும் சிறிய அளவுகருவியை இரு கண்களின் வெளிப்புற எலும்பு விளிம்பிலும் பொருத்துவார். அதிலுள்ள ஆடியில் கருவிழியின் பக்கத் தோற்றமும் அளவுகோலும் சேர்ந்து தெரியும். கண் எத்தனை மில்லிமீட்டர் முன்னால் வந்திருக்கிறது என்று அப்படியே படித்துவிடலாம்.

இந்தக் கண் பிதுக்கத்துக்குப் பெரும்பாலும் காரணம், கழுத்தில் இருக்கும் தைராய்டு சுரப்பியோடு தொடர்புள்ள கிரேவ்ஸ் நோய். டப்ளின் மருத்துவர் ராபர்ட் கிரேவ்ஸ் 1835இல் இதை விவரித்து எழுதினார். தூக்கத்திலும் இமை மூட முடியாத ஒரு பெண்ணைப் பற்றி அப்போதே குறித்திருக்கிறார். கிருமிகளோடு போராட வேண்டிய நம் எதிர்ப்பு சக்தி, தடம் மாறித் தைராய்டைத் தூண்டிவிடுகிறது. நெஞ்சு படபடக்கிறது, கை நடுங்குகிறது, நன்றாகச் சாப்பிட்டும் உடம்பு இளைக்கிறது. அதே கோளாறு கண்ணுக்குப் பின்னால் உள்ள கொழுப்பையும், கண்ணை அசைக்கும் தசைகளையும் தாக்கி வீங்க வைக்கிறது.

இங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள். மாத்திரை சாப்பிட்டு ரத்தத்தில் தைராய்டு அளவு சரியானால், கண்ணும் தானாக உள்ளே போய்விடும் என்று காத்திருக்கிறார்கள். தைராய்டைக் கட்டுக்குள் வைப்பது மிக மிக அவசியம். ஆனால் கண்ணில் வந்த நோய் தன் போக்கில்தான் போகும். சான் பிரான்சிஸ்கோவைச் சேர்ந்த மூளை அறுவை மருத்துவர் ஹோவர்ட் நாஃப்சிகர் 1931இல் வெளியிட்ட கட்டுரை, தைராய்டை அறுத்து எடுத்த பிறகும் கண் பிதுங்கிக்கொண்டே போனவர்களைப் பற்றியதுதான். மண்டையோட்டைத் திறந்து, கண்குழியின் கூரை எலும்பை எடுத்து அவர்களுக்குச் சிகிச்சை செய்தார்.

கண் நோய்க்கு எலும்பை ஏன் எடுக்க வேண்டும்? கண்குழிக்கு நான்கு பக்கமும் எலும்புச் சுவர். முன்பக்கம் மட்டும்தான் திறப்பு. மொத்தக் கொள்ளளவே சுமார் 30 மில்லிலிட்டர். விழிக்கோளத்துக்கு அதில் சுமார் 7 மில்லிலிட்டர் போய்விடும். மிச்ச இடத்தில்தான் கொழுப்பு, தசை, ரத்தக்குழாய், பார்வை நரம்பு எல்லாம் இருக்கின்றன. உள்ளே வீக்கம் வந்தால் எலும்பு விரிந்து கொடுக்காது. அதனால் கண் முன்னால் தள்ளப்படுகிறது. அப்படியும் இடம் போதாவிட்டால், பின்னால் பார்வை நரம்பு நசுங்குகிறது.

ஆள் பெருகிய வீட்டில், சுவரை எடுத்துவிட்டுப் பக்கத்தில் காலியாகக் கிடக்கும் அறையையும் சேர்த்துக்கொள்வோம் அல்லவா, இந்த அறுவை சிகிச்சையும் அதைத்தான் செய்கிறது. கண்குழிக்கு மூக்குப் பக்கத்திலும் கீழேயும் காற்று நிரம்பிய சைனஸ் அறைகள் உள்ளன. மூக்குப் பக்கத்துச் சுவர் அரை மில்லிமீட்டர் கனம்கூட இல்லாதது. 1957இல் அமெரிக்காவில் வால்ஷ், ஒகுரா என்ற இருவர் கன்ன சைனஸ் வழியாகவே போய் இந்தச் சுவர்களை எடுக்கும் முறையை வெளியிட்டார்கள். மண்டையோட்டைத் திறக்கும் தேவை அதனால் வெகுவாகக் குறைந்தது. இன்று கீழிமையின் உட்புறத்திலோ இமை மடிப்பிலோ சிறிதாகக் கீறியோ, மூக்கு வழியாக எண்டோஸ்கோப்பைச் செலுத்தியோ செய்கிறார்கள். தழும்பு வெளியில் அதிகம் தெரியாது.

முழு மயக்கத்தில் நடக்கும் அறுவை இது. சி.டி. ஸ்கேன் படத்தை எதிரில் வைத்துக்கொண்டு எலும்பை அகற்றுவார்கள். எலும்பு போனதுமே கண் பின்னால் போய்விடாது. உள்ளிருக்கும் கொழுப்பைச் சுற்றி ஓர் உறை உண்டு. அதை நீளவாக்கில் கீறும்போதுதான் மஞ்சள் கொழுப்பு நழுவி சைனஸ் அறைக்குள் இறங்கும். கண்ணும் பின்னால் போய் அமரும். விழிக்கோளத்தில் யாரும் கத்தி வைப்பதில்லை. ஒரு சுவரை எடுத்தால் 2, 3 மில்லிமீட்டர் உள்ளே போகும். மூன்று சுவர் எடுத்தால் 6 மில்லிமீட்டருக்கு மேலும் போகலாம். கொழுப்பு பெருத்ததுதான் காரணம் என்றால், கொழுப்பை மட்டும் எடுத்தாலே சிலருக்குப் போதும். மயக்கம் தெளிந்ததும் விரலைக் காட்டி எத்தனை என்று கேட்பார்கள். பார்வை பத்திரமாக இருக்கிறதா என்பதே முதல் கவலை. சில வாரங்களுக்கு மூக்கை வேகமாகச் சிந்தக் கூடாது.

எந்த அறுவையிலும் இடர் உண்டு. இதில் முக்கியமானது இரட்டைப் பார்வை. முன்பே இருந்தால் கூடலாம், இல்லாதவருக்குப் புதிதாக வரலாம். கன்னமும் மேலுதடும் சில காலம் மரத்திருக்கலாம். பார்வை போவது மிக அரிது. மருத்துவர் இவற்றைச் சொல்லும்போது குடும்பத்தினரும் உடனிருந்து கேட்டுக்கொள்வது நல்லது.

இந்தச் சிகிச்சைக்குக் காலமும் வரிசையும் முக்கியம். நோய் முனைப்பாக இருக்கும் காலம் ஆறு மாதமும் நீடிக்கலாம், இரண்டு ஆண்டும் நீடிக்கலாம். அப்போது வீக்கத்தைக் குறைக்க மருந்துதான். பெரும்பாலும் வாரம் ஒருமுறை, 12 வாரங்களுக்கு ஸ்டீராய்டு மருந்தை ரத்தக்குழாய் வழியாகச் செலுத்துவார்கள். டெப்ரோடுமுமாப் என்ற புதிய மருந்துக்கு 2020இல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. ஆனால் விலை மிக மிக அதிகம். நோய் அடங்கி, அளவுகள் ஆறு மாதம் மாறாமல் நின்ற பிறகே அறுவையைப் பற்றி யோசிப்பார்கள். முதலில் எலும்பு, அடுத்து மாறுகண்ணையும் இரட்டைப் பார்வையையும் சரிசெய்யும் தசை அறுவை, கடைசியில் இமை. கண் பின்னால் போனால் தசையின் இழுப்பு மாறும். தசையைத் திருத்தினால் இமையின் உயரம் மாறும். "இமையை மட்டும் இப்போதே இறக்கிவிடுங்கள் டாக்டர்" என்று அவசரப்பட்டால், செய்ததையே திரும்பச் செய்ய வேண்டியிருக்கும். எல்லோருக்கும் மூன்றும் தேவைப்படாது.

ஆனால் ஒரு நிலையில் காத்திருக்கவே கூடாது. பார்வை மங்குகிறதா, நிறங்கள் வெளிறுகின்றனவா என்று கவனியுங்கள். சொட்டு மருந்துப் புட்டியின் சிவப்பு மூடியை ஒவ்வொரு கண்ணாலும் தனித்தனியே பாருங்கள். ஒரு கண்ணுக்குச் சிவப்பு மங்கித் தெரிந்தால், பார்வை நரம்பு நசுங்குகிறது என்று பொருளாகலாம். கருவிழியில் வெள்ளையாகப் புண் தெரிந்தாலும் ஆபத்து. அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். நரம்பு நசுங்கியிருந்தால், அதிக அளவு ஸ்டீராய்டு கொடுத்தும் இரண்டு வாரத்துக்குள் தேறாதபோது, நோய் முனைப்பாக இருந்தாலும் உடனே அறுவை செய்வார்கள்.

"உயிருக்கு ஒன்றும் ஆபத்தில்லையே, அழகுக்காகவா ஆபரேஷன்?" என்று வீட்டில் கேட்பதுண்டு. இமை மூடாத கண்ணில் கருவிழி காய்ந்து புண்ணாகலாம். இரண்டிரண்டாகத் தெரிந்தால் படியிறங்கவே பயம் வரும். தன் முகத்தைக் கண்ணாடியில் பார்க்கவே கூசி, கல்யாணம் காட்சிக்குப் போவதை நிறுத்திக்கொண்டவர்களின் வேதனையும் வேதனைதானே? பழைய முகத்தைத் திரும்பப் பெற ஆசைப்படுவது பகட்டல்ல, அது நியாயமான ஆசை.

இன்றே செய்யக்கூடியது ஒன்று உண்டு. புகைபிடிப்பவராக இருந்தால் நிறுத்திவிடுங்கள். இந்தக் கண் நோயை முற்றவைக்கும் காரணங்களில், நம் கையில் இருப்பவற்றுள் முதலிடம் புகைக்குத்தான். பக்கத்தில் இருப்பவர் விடும் புகையும் கெடுதல்தான். வீட்டு ஆண்களுக்கும் இதில் பொறுப்பு உண்டு. தைராய்டு மருத்துவரிடம் போகும்போதெல்லாம் கண்ணில் நேரும் மாற்றத்தையும் சொல்லுங்கள். கண்குழிக்கும் இமைக்கும் தனிப்பிரிவு உள்ள கண் மருத்துவமனைக்கு ஒருமுறை போய்க் காட்டுங்கள். பழைய புகைப்படம் ஒன்றையும் மறக்காமல் எடுத்துப் போங்கள்.