ராத்திரி முழுக்க ஓடுமா? வேன் கேம்பிங்குக்கு லித்தியமும் சோலாரும்

வேன் கேம்பிங்னு பேச்செடுத்தாலே எல்லாரும் கேட்கிறது ஒண்ணுதான்: "எத்தனை வாட் பேனல், எத்தனை ஆம்பியர் அவர் பேட்டரி வாங்கலாம்?" நானும் முதல்ல அங்கேதான் ஆரம்பிச்சேன். அது கடைசியா கேட்க வேண்டிய கேள்வின்னு புரிய எனக்கு ஒரு முழு ராத்திரி ஆச்சு. அந்தக் கதையிலிருந்தே தொடங்குறேன்.

எங்க அப்பா ராணிப்பேட்டையில ஒரு தோல் ஷாப்புல முப்பது வருஷம் வேலை பார்த்தவர். தூக்கத்துல மூச்சு தடைபடுற பிரச்சினை இருக்கு. ராத்திரி சீபாப் மெஷினை மாட்டிக்கிட்டுத்தான் படுக்கணும். ரிட்டயர் ஆனப்புறம் எங்க கூப்பிட்டாலும், "அங்க ராத்திரி கரென்ட் நிக்காம இருக்குமாடா?"ன்னு கேட்பார். அதோட பேச்சு முடிஞ்சிடும்.

எங்ககிட்ட இருக்கிறது ஒரு ஈகோ வேன். யூடியூப்ல பார்க்கிற அமெரிக்க ட்ராவல் ட்ரெய்லர் எல்லாம் இல்லை, பின்னாடி ஒரு மெத்தை, அவ்வளவுதான். வீட்டுல கிடந்த பழைய 150 ஆம்பியர் அவர் இன்வெர்ட்டர் பேட்டரியையும் இன்வெர்ட்டரையும் தூக்கி அதுல வெச்சேன். ஏலகிரி அடிவாரத்துல தெரிஞ்சவர் மாந்தோப்புல தங்கினோம். ஒன்பது மணிக்கு மெஷினைப் போட்டோம். மூணு மணிக்கு இன்வெர்ட்டர் 'பீப்' அடிச்சது. அப்பா மாஸ்க்கைக் கழட்டிட்டு, விடியற வரைக்கும் சீட்டுல சாய்ஞ்சு உட்கார்ந்திருந்தார். ஒரு வார்த்தை திட்டலை. திட்டியிருந்தா எனக்குக் கொஞ்சம் நல்லா இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். அந்த 150-ஐ 12 வோல்ட்டால பெருக்கினா 1800 வாட் அவர். ஆனா லெட் ஆசிட் பேட்டரியை அடிக்கடி பாதிக்குக் கீழ இறக்கினா ஆயுசு குறையும். அதுவும் பழசாயிட்டா, லேபிள்ல இருக்கிறதுல பாதி கிடைச்சாலே பெரிசு. ஆக 900. இந்தப் பக்கம் செலவு: ஹியூமிடிஃபையரோட மெஷின் 80 வாட், டேபிள் ஃபேன் 50, இன்வெர்ட்டர் சும்மா ஆன்ல இருக்கிறதுக்கே 20. மொத்தம் 150. 900-ஐ 150-ஆல வகுத்தா ஆறு மணி நேரம். ஒன்பதுல இருந்து மூணு. பேட்டரி ஏமாத்தலை, நான்தான் கணக்குப் பார்க்கலை.

அதனால முதல் வேலை, செலவைக் குறைக்கிறது. டாக்டர்கிட்ட கேட்டோம், ரெண்டு மூணு ராத்திரி ஹியூமிடிஃபையர் இல்லாம ஓட்டலாம்னார். மெஷின் 40 வாட்டுக்கு இறங்கிச்சு. அந்த மாடலுக்குன்னே வர்ற டி.சி. அடாப்டர் வாங்கினதால இன்வெர்ட்டரே வேண்டாம்னு ஆச்சு. 12 வோல்ட் பி.எல்.டி.சி. ஃபேன் 15 வாட்தான். ஃப்ரிட்ஜ் ஆசையை விட்டுட்டோம், தெர்மகோல் பெட்டியில ஐஸ் போதும். லைட், போன் சார்ஜ் எல்லாம் சேர்த்து ஒரு ராத்திரிக்கு 510 வாட் அவர். இந்த நம்பர் கைக்கு வந்தப்புறம்தான் கடைக்குப் போனேன்.

லித்தியம்னா எல்லாம் ஒண்ணு இல்லை. நிறைய லேப்டாப்புலயும் கார்லயும் வர்ற என்.எம்.சி. ஒரு வகை. நாம வாங்க வேண்டியது லித்தியம் அயர்ன் பாஸ்ஃபேட், சுருக்கமா எல்.எஃப்.பி. 1997-ல டெக்சாஸ்ல ஜான் குட்இனஃபோட குழு இதைப் பத்தி வெளியிட்ட கட்டுரையில முதல் பெயரே அக்ஷய பாதிங்கிற இந்தியருடையது. எடைக்கு எடை என்.எம்.சி.யை விடக் கொஞ்சம் கம்மியாத்தான் மின்சாரம் பிடிக்கும், ஆனா சூட்டைத் தாங்கும், சீக்கிரம் தீப்பிடிக்காது. தலைமாட்டுல வெச்சுத் தூங்கப் போற பொருளுக்கு அதுதானே முக்கியம்? 12.8 வோல்ட், 100 ஆம்பியர் அவர்னா 1280 வாட் அவர். அதுல 90 சதவீதம் தைரியமா எடுக்கலாம். ரெண்டு ராத்திரி வெயிலே இல்லாம ஓடும். எடை 12 கிலோ பக்கம். பழைய பேட்டரி 50 கிலோவுக்கு மேல.

அமெரிக்க வீடியோ பார்த்துட்டு ஹீட்டர் வெச்ச பேட்டரிக்குக் காசு கொடுக்காதீங்க. பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழ சார்ஜ் பண்ணா லித்தியம் கெடும், அது அவங்க கவலை. நம்ம ஊரை 'வெயிலூர்'னு சும்மாவா சொல்றாங்க? பெரும்பாலான எல்.எஃப்.பி. பேட்டரிகளுக்கு 45 டிகிரிக்கு மேல சார்ஜ் பண்ணக் கூடாதுன்னே போட்டிருப்பாங்க. மே மாசம் மூடின வேன் அதைச் சுலபமாத் தாண்டும்.

பேனல்லயும் இதே சிக்கல். கூரையில திருகிட்டா வேனை வெயில்லதான் நிறுத்தணும், உள்ள அவியும். நிழல்ல நிறுத்தினா பேனலுக்கு வேலையில்லை. ஒரு கிளை நிழல் விழுந்தாலே கரென்ட் சட்டுனு இறங்கிடும், ஏன்னா செல் எல்லாம் வரிசையா கோத்தது. அதனால மடக்குற 200 வாட் பேனல் எடுத்தேன். வேன் புளியமரத்தடியில, பேனல் அஞ்சு மீட்டர் தள்ளி வெயில்ல. ஒயர் 4 ஸ்கொயர் எம்.எம்., மெல்லிசா போட்டா வோல்டேஜ் வழியிலயே போயிடும். ஒரு நாளைக்கு அஞ்சு மணி நேரம் நல்ல வெயில்னா 1000 வாட் அவர். சூடு, தூசு, சாய்வு எல்லாம் கழிச்சா 650 கிடைக்கும். நம்ம 510-க்குப் போதும்.

மூணு விஷயத்துல மட்டும் கஞ்சத்தனம் பண்ணாதீங்க. நல்ல பி.எம்.எஸ்., எல்.எஃப்.பி. செட்டிங் இருக்கிற எம்.பி.பி.டி. சார்ஜர், பேட்டரி பிளஸ் முனை பக்கத்துலயே ஒரு ஃபியூஸ். செகண்ட் ஹேண்ட் செல் மலிவா கிடைச்சா, லோடு போட்டு முழுசா ஒரு தடவை இறக்கிப் பார்க்காம நம்பாதீங்க. மெடிக்கல் மெஷின் ஓட்டுறவங்க முதல்ல வீட்டு வாசல்லயே ஒரு ராத்திரி ஓட்டிப் பாருங்க. நாங்க ரெண்டு ராத்திரி ஓட்டினோம்.

அப்புறம்தான் ஜவ்வாது மலை, காவலூர் பக்கம். வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிற இடம், இருட்டு அவ்வளவு நல்லா இருக்கும். காட்டுக்குள்ள வனத்துறை அனுமதி இல்லாம தங்கக் கூடாது, அதனால நண்பனோட பட்டா நிலத்துல நிறுத்தினோம். அப்பா ரொம்ப நேரம் வானத்தைப் பார்த்துட்டு, மாஸ்க்கை மாட்டிக்கிட்டுப் படுத்தார். நான் மணிக்கு ஒரு தரம் எழுந்து மீட்டரைப் பார்த்தேன். [சிரிப்பு]

காலையில 61 சதவீதம். அப்பா எழுந்ததும் கேட்டது ஒண்ணுதான்: "அடுத்த வாரம் எங்கடா?"

சரி நண்பர்களே, உங்க ஒரு ராத்திரிச் செலவு எத்தனை வாட் அவர்னு முதல்ல ஒரு பேப்பர்ல எழுதுங்க. பேட்டரியை அப்புறம் பார்க்கலாம். அடுத்த எபிசோடுல சந்திப்போம்.