குறைமாதக் குழந்தையும் குடும்பத்தின் கைகளும்



மாதம் நிறைந்து பிள்ளை பிறந்தால் வீடே மகிழ்கிறது. அதே பிள்ளை சில வாரங்கள் முந்திப் பிறந்துவிட்டால் வீடு கலங்கிப் போகிறது. கண்ணாடிப் பெட்டிக்குள், மூக்கில் குழாயுடன், உள்ளங்கை அகலத்தில் கிடக்கும் குழந்தையைப் பார்த்ததும் இரண்டு எண்ணங்கள் எழுகின்றன. "பிழைக்குமா?" என்பது முதல் எண்ணம். "இனி எல்லாம் டாக்டர் கையில், நம்மால் ஆவது என்ன?" என்பது இரண்டாவது எண்ணம். இந்த இரண்டாவது எண்ணத்தைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேசப் போகிறேன்.

குறைமாதக் குழந்தை என்பது எது? கருவுற்று 37 வாரங்கள் முடிவதற்கு முன்பே பிறக்கும் குழந்தையே குறைமாதக் குழந்தை. இது அபூர்வமான ஒன்றன்று. 2020ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள் இப்படிப் பிறந்ததாக உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. பத்துக் குழந்தைகளில் ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். "ஏழு மாதத்துப் பிள்ளை பிழைக்கும், எட்டு மாதத்துப் பிள்ளை பிழைக்காது" என்று சொல்லும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இதில் உண்மை இல்லை. தாயின் வயிற்றில் கூடுதலாகத் தங்கும் ஒவ்வொரு வாரமும் குழந்தைக்குப் பலமே தருகிறது.

இக்குழந்தைகளுக்கு மூச்சு விடுவது ஒரு சிரமம். உடல் சூட்டைக் காப்பது ஒரு சிரமம். பால் குடிப்பது மற்றொரு சிரமம். பால் குடிப்பதில் என்ன சிரமம் என்று கேட்கலாம். சப்ப வேண்டும், விழுங்க வேண்டும், இடையிடையே மூச்சும் விட வேண்டும். இம்மூன்றையும் ஒழுங்காகச் சேர்த்துச் செய்யும் திறமை பெரும்பாலும் 32 முதல் 34 வாரங்களில்தான் குழந்தைக்கு வரத் தொடங்குகிறது. அதற்கு முன் பிறந்த குழந்தைக்கு மெல்லிய குழாய் வழியாக வயிற்றுக்குள் பால் செலுத்துகிறார்கள். குழாயைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஆனால் அந்தக் குழாயில் செல்ல வேண்டிய பால் எங்கிருந்து வருகிறது? பெற்ற தாயிடமிருந்துதான் வர வேண்டும்.

இங்கேதான் நம் குடும்பங்களில் ஒரு சிக்கல் எழுகிறது. குழந்தை பட்டணத்து ஆஸ்பத்திரியில் இருக்கிறது. தாய் தோட்டத்து வீட்டில் இருக்கிறாள். "பச்சை உடம்புக்காரி, காற்றுப் படக் கூடாது, நாற்பது நாள் கழித்துப் போகட்டும்" என்கிறார் மாமியார். அவர் அன்பினால்தான் சொல்கிறார். ஆனால் அந்த நாற்பது நாளில் நடப்பது என்ன? பாலை எடுக்க ஆள் இல்லாததால் மார்பு கட்டிக்கொள்கிறது. பிறகு பால் வற்றுகிறது. குழந்தை வீடு திரும்பும்போது கொடுக்கப் பால் இல்லை. பிள்ளை பெற்ற உடம்புக்கு ஓய்வு தேவை, சத்தான சாப்பாடு தேவை. அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் பிள்ளையைப் பார்க்கப் போவதால் தாயின் உடம்புக்குக் கேடு வந்துவிடாது. டாக்டர் அனுமதித்தால் அவளை அழைத்துக்கொண்டு போங்கள்.

நேயர்களே, குறைமாதக் குழந்தையைக் குடும்பத்தாரிடமிருந்து பிரித்து வைப்பதே நல்லது என்று ஒரு காலத்தில் மருத்துவர்களும் நினைத்தார்கள். நோய்க்கிருமி தொற்றிவிடும் என்ற அச்சமே அதற்குக் காரணம். அந்த எண்ணம் மாறியதற்கு ஏழ்மையும் ஆள் பற்றாக்குறையும் வழி வகுத்தன என்பது வியப்பான செய்தி.

1978ஆம் ஆண்டில் தென் அமெரிக்காவில், கொலம்பியா நாட்டுத் தலைநகர் பொகோட்டாவில், ஓர் ஆஸ்பத்திரியில் இன்குபேட்டர் பெட்டிகள் போதவில்லை. டாக்டர் எட்கர் ரே என்பவர், தேறிவரும் சிறு குழந்தைகளைத் தாயின் வெறும் மார்பில், தோலோடு தோலாக அணைத்துக் கட்டி வைக்கச் செய்தார். கங்காரு தன் குட்டியைப் பையில் சுமப்பது போன்றிருந்ததால் "கங்காரு முறை" என்று அதற்குப் பெயர் வந்தது. அதற்கு அடுத்த ஆண்டு, 1979இல், அப்போது சோவியத் நாட்டில் சேர்ந்திருந்த எஸ்டோனியாவின் தாலின் நகரில், தாதியர் போதாமல் டாக்டர் ஆடிக் லெவின் தாய்மார்களையே குழந்தையோடு தங்கவைத்தார். தாதியர் கற்றுக்கொடுத்தார்கள், தாய்மார்கள் பால் கொடுத்தார்கள், துணி மாற்றினார்கள், குழந்தையைக் கவனித்தார்கள்.

இந்தத் தாலின் அனுபவத்தைப் பின்பற்றி, கனடாவின் டொராண்டோ நகரத்து மருத்துவர்களும் தாதியரும் ஒரு முறையை வகுத்தார்கள். கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நாடுகளில் 26 ஆஸ்பத்திரிப் பிரிவுகளில் அதைச் சோதித்துப் பார்த்து, 2018இல் முடிவை வெளியிட்டார்கள். பெற்றோர் நாளுக்கு ஆறு மணி நேரமாவது குழந்தையின் அருகில் இருந்து, தாதியிடம் கற்று, தங்கள் கையாலேயே பராமரித்தார்கள். அக்குழந்தைகள் கூடுதலாக எடை ஏறினார்கள். பெற்றோரின் மனக்கலக்கம் குறைந்தது. தாய்ப்பால் குடிப்பதும் அதிகமாயிற்று.

பால் ஊட்டுவது பற்றித் தாதியர் செய்த ஆராய்ச்சி ஒன்றையும் சொல்ல வேண்டும். "மார்பில் பால் குடிப்பது கடினமான வேலை, பாட்டில்தான் சுலபம், பாட்டிலில் பழகிய பிறகு மார்பில் விடலாம்" என்று ஆஸ்பத்திரிகளில் சொல்வது வழக்கமாக இருந்தது. அமெரிக்கத் தாதியும் ஆராய்ச்சியாளருமான பவுலா மையர் இதை அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை. ஒரே குழந்தைக்கு ஒரு வேளை மார்பிலும் ஒரு வேளை பாட்டிலிலும் பால் கொடுக்கச் செய்து, இரத்தத்தில் பிராணவாயு எவ்வளவு இருக்கிறது என்பதைத் தோலில் பொருத்திய கருவியால் அளந்தார். 1988இல் முடிவு வெளிவந்தது. பாட்டிலில் குடிக்கும்போதுதான் பிராணவாயு அதிகம் குறைந்தது. மார்பில் குடிக்கும்போது குழந்தை தானே நிறுத்தி, தானே மூச்சு வாங்கிக் குடித்தது. அதன் உடலும் சூடாக இருந்தது. அவர் பார்த்த குழந்தைகள் சிலரே. ஆயினும், எல்லோரும் சொல்லிவந்த ஒன்றை அளந்து பார்க்க வேண்டும் என்று ஒரு தாதி நினைத்ததால், பல தாய்மார்களுக்கு வழி பிறந்தது.

நம் நாட்டிலும் இத்தகைய ஆய்வு நடந்திருக்கிறது. பேராசிரியர் பூ நெம் யுன் குழுவினர், ஒன்றரைக் கிலோவுக்கும் குறைந்த எடையில் பிறந்த குழந்தைகளை நாளுக்கு ஒரு மணி நேரம் தாயின் தோலோடு அணைத்து வைக்கச் செய்தார்கள். 2007இல் வெளியான அந்த ஆய்வின்படி, அவ்வாறு அணைக்கப்பட்ட குழந்தைகளின் தலை வளர்ச்சி நன்றாக இருந்தது. வீடு திரும்பும்போது தாய்ப்பால் குடித்தவர்களும் அவர்களில் அதிகம். தோட்டத்திலிருந்து பஸ் பிடித்துப் போகும் தாய்க்கு இது நல்ல செய்தி. நாள் முழுவதும் இருக்க முடியாவிட்டாலும், ஒரு மணி நேரமும் வீண்போவதில்லை.

இன்னும் பெரிய ஆய்வு ஒன்று 2021இல் வெளிவந்தது. இந்தியாவிலும், ஆப்பிரிக்காவில் கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய நாடுகளிலும் மூவாயிரத்துக்கும் அதிகமான சிறு குழந்தைகளைக் கவனித்தார்கள். நிலைமை சீராகும்வரை பெட்டியில் வைத்துப் பிறகு அணைத்த குழந்தைகளில், முதல் 28 நாட்களில் 100க்கு ஏறத்தாழ 16 பேர் இறந்தார்கள். பிறந்தவுடனேயே அணைக்கத் தொடங்கிய குழந்தைகளில் அது 12ஆகக் குறைந்தது. தாய்க்கு இயலாதபோது அவள் தேர்ந்தெடுத்த உறவினர் குழந்தையை அணைத்துக்கொண்டார். இதன் பிறகு, 2022இல், உலகச் சுகாதார நிறுவனமும் தன் ஆலோசனைகளைப் புதுப்பித்து, பிறந்தவுடன் தோலோடு அணைப்பதையும், குடும்பத்தார் பராமரிப்பில் பங்கு பெறுவதையும் வலியுறுத்தியது.

சரி, நாம் செய்ய வேண்டியது என்ன?

முதலாவது, பால். பிரசவமான சில மணி நேரத்திற்குள் தாய் கையால் பால் பீய்ச்சத் தொடங்க வேண்டும். முதலில் சில சொட்டுகளே வரும். மஞ்சள் நிறமான அந்தச் சீம்பாலைக் கொட்டிவிடாதீர்கள். குறைமாதக் குழந்தையின் குடலைக் கடும் நோயிலிருந்து காப்பதில் தாய்ப்பாலுக்கு ஈடானது வேறில்லை. ஒரு நாளைக்கு எட்டு முறையாவது, இரவில் ஒரு முறை உட்பட, பால் எடுக்க வேண்டும். இறைக்கிற கிணறுதான் ஊறும். எடுத்த பாலைச் சுத்தமான பாத்திரத்தில் மூடி, உடனே குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். ஐஸ் கட்டிகளுடன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள். எத்தனை நாள் வைக்கலாம் என்பதைத் தாதியிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

தேன், சர்க்கரைத் தண்ணீர், டின்னில் வரும் இனிப்புக் கட்டிப்பால் இவற்றில் எதையும் கொடுக்கக் கூடாது. குழந்தைக்குக் கட்டிப்பால் கொடுக்கும் வழக்கத்தைக் கண்டித்து டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் சிங்கப்பூரில் 1939இல் நிகழ்த்திய சொற்பொழிவுக்கு "பாலும் கொலையும்" என்றே தலைப்பிட்டார். தாய்ப்பால் போதாதபோது வேறு எதைக் கொடுப்பது என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

இரண்டாவது, அணைப்பு. துணியும் தொப்பியும் மட்டும் அணிந்த குழந்தையை மார்பின் நடுவே நிமிர்த்தி வைத்து, தலையை ஒரு பக்கம் திருப்பி, மூக்கும் வாயும் மூடாதபடி கைலித் துணியால் கட்டிக்கொள்ளலாம். தாதி காட்டித் தந்த பிறகே செய்யுங்கள். தந்தையின் மார்பும் சூடுதான். ஆண்பிள்ளைக்கு இது வெட்கம் என்று ஒதுங்க வேண்டாம்.

மூன்றாவது, ஊட்டும் முறை. குழந்தை கண் விழித்து, வாயைத் திறந்து தேடி, கையை வாய்க்குக் கொண்டு போனால் பசி என்று பொருள். உதடு நீலம் பூத்தால், மூக்கு விடைத்தால், விரல்களை விரித்து முகத்தைத் திருப்பினால், கடைவாயில் பால் வழிந்தால், உடனே நிறுத்தி இளைப்பாற விடுங்கள். பாலைக் காலி செய்துவிட வேண்டும் என்று அவசரப்பட்டால் புரையேறும்.

நம் பாட்டிமார் பயன்படுத்திய பாலாடையைப் பற்றியும் ஆராய்ந்திருக்கிறார்கள். 1999இல் வெளியான இந்திய ஆய்வில் குழந்தைகள் பாலாடையில் அமைதியாகவும் விரைவாகவும் குடித்தன. 2007இல் வெளியான இங்கிலாந்து ஆய்விலோ, பாட்டிலைவிட அதிக நேரம் பிடித்தது. பாலும் அதிகம் சிந்தியது. ஆகவே பாலாடையோ சங்கோ கிண்ணமோ, எதுவானாலும் தாதியிடம் கேட்டுப் பழகிய பின்னரே வீட்டில் பயன்படுத்துங்கள். படுத்திருக்கும் குழந்தையின் வாயில் பாலை ஊற்றவே கூடாது.

நான்காவது, தாய்க்குத் துணை. ஒருவர் சமைக்கட்டும், ஒருவர் மூத்த பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளட்டும், ஒருவர் பாலை எடுத்துச் செல்லட்டும். அவள் அழுதால் "அழாதே" என்று அதட்டாமல் அருகில் உட்காருங்கள். சட்டமும் துணை இருக்கிறது. தீபகற்ப மலேசியாவில் 2023 ஜனவரி 1 முதல் பிரசவ விடுப்பு 98 நாட்களாக உயர்ந்திருக்கிறது. ஒரே முதலாளியிடம் ஓராண்டு வேலை செய்த தந்தைக்கு 7 நாள் விடுப்பு உண்டு. கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

வீடு திரும்பிய பிறகு, இரண்டு மூன்று மணிக்கு ஒரு முறை, தூங்கினாலும் எழுப்பிப் பால் கொடுங்கள். தொடுமுன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். சாம்பிராணிப் புகை, கொசுவர்த்திப் புகை, சிகரெட் புகை எதுவும் வேண்டாம். மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடாதீர்கள். குழந்தை பால் குடிக்க மறுத்தால், உடல் சில்லிட்டால் அல்லது காய்ந்தால், வேகமாக மூச்சு வாங்கினால் அல்லது இடையில் மூச்சு நின்றால், உடல் மஞ்சளாகவோ நீலமாகவோ மாறினால், துவண்டு போனால், விடியட்டும் என்று காத்திராதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள்.

நேயர்களே, கருவியும் மருந்தும் டாக்டரிடம் இருக்கின்றன. எப்படிச் செய்வது என்பதை நாம் "மிஸ்ஸி" என்று அழைக்கும் தாதி சொல்லித் தருவார். ஆனால் பாலும், மார்புச் சூடும், பழகிய குரலும் குடும்பத்திடம் மட்டுமே இருக்கின்றன. அடுத்த முறை வார்டுக்குப் போகும்போது கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். "மிஸ்ஸி, நான் என்ன செய்யலாம்? காட்டிக் கொடுங்கள்" என்று கேளுங்கள். கேட்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு. குழந்தைக்கு அது தேவையும்கூட.