துணியே துணை

(பட்டிமன்றத் தலைப்பு: கைக்குழந்தையைத் துடைக்க ஏற்றது துவைத்த துணியா? தூக்கி எறியும் வைப்ஸா?)

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! எங்கள் அணித் தலைவர் அவர்களே! இவ்வளவு நேரம் எங்களைத் துடைத்து எடுத்துவிட்டு அமர்ந்திருக்கும் எதிரணி நண்பர்களே! (சிரிப்பு) வீட்டு வேலையை முடித்துவிட்டும், முடிக்காமலும் தொலைக்காட்சிப் பெட்டியின் முன் உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே, பெரியோர்களே!

இந்தத் தலைப்பை என் தம்பியிடம் சொன்னேன். "என்னக்கா, குழந்தையைத் துடைக்கிறதுக்கெல்லாமா பட்டிமன்றம் வைப்பாங்க?" என்று கேட்டான். நான் சொன்னேன், "துவைச்சவங்களுக்குத்தாண்டா இது பட்டிமன்றம். துவைக்காதவங்களுக்கு இது தலைப்பே இல்லை!" (கைதட்டல்)

நடுவர் அவர்களே! "அந்தக் காலத்திலே எல்லாமே நல்லா இருந்தது, இந்தக் காலத்திலே எல்லாமே கெட்டுப்போச்சு" என்று பேச நான் வரவில்லை. எதிரணிச் சகோதரர் ஓர் ஆராய்ச்சியைச் சொன்னார். இங்கிலாந்திலே மான்செஸ்டரில், பிறந்த குழந்தைகளை வைத்துப் பார்த்ததில் வைப்ஸும், தண்ணீரில் நனைத்த பஞ்சும் தோலுக்கு ஒரே மாதிரிதான் இருந்தன என்று 2012-இல் வெளியிட்டார்கள் என்றார். உண்மைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவர் அதோடு நிறுத்திக்கொண்டார். அடுத்த வருஷம் என்ன நடந்தது என்று சொல்லவில்லையே! வைப்ஸ் பலவற்றில் கெட்டுப்போகாமல் இருப்பதற்காகக் கலந்துவந்த மெத்தில்ஐசோதையசோலினோன் என்ற மருந்தைத்தான், 2013-க்கான "ஆண்டின் ஒவ்வாமைப் பொருள்" என்று அமெரிக்கத் தோல் ஒவ்வாமை மருத்துவர் சங்கம் அறிவித்தது. அதற்குப் பிறகு பல கம்பெனிகள் அதை விட்டுவிட்டன. நல்லதுதான். ஆனால், ஐயா, அந்தப் பாக்கெட்டின் பின்னால் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்க எனக்குப் பூதக்கண்ணாடி வேணும். எங்க அப்பாவின் பழைய வேட்டிக்குப் பின்னால் ஒன்றும் எழுதியிருக்கவில்லை! (சிரிப்பு, கைதட்டல்)

"லண்டனைப் பாருங்கள், அங்கே யார் துணி துவைக்கிறார்கள்?" என்றார் இன்னொரு நண்பர். பார்த்தேன் ஐயா! 2017-இல் லண்டன் ஒயிட்சேப்பல் பகுதியில், பாதாளச் சாக்கடைக்குள்ளே ஓர் அடைப்பு. நீளம் 250 மீட்டர். எடை 130 டன்! சமையலறையில் ஊற்றிய கொழுப்பும், கழிப்பறையில் போட்ட வைப்ஸும் சேர்ந்து பாறையாக இறுகிக் கிடந்தது. அதை உடைத்து எடுக்க வாரக் கணக்காயிற்று. அதில் ஒரு துண்டை அருங்காட்சியகத்தில் வேறு வைத்தார்கள். நம்ம ஊரில் ராஜா காலத்து வாளை வைப்போம். அவர்கள் வைப்ஸை வைத்தார்கள்! (பலத்த சிரிப்பு) பார்த்தால் தாள் மாதிரி இருக்கிறது. ஆனால் பல வைப்ஸில் இருப்பது பிளாஸ்டிக் இழை. அது தண்ணீரில் கரையாது.

சரி, சிரித்தது போதும். விஷயத்துக்கு வருகிறேன்.

என் மகள் சென்னையிலே இருக்கிறாள். அவளும் வேலைக்குப் போகிறவள், மாப்பிள்ளையும் வேலைக்குப் போகிறவர். பேரன் பிறந்ததும் நான் இங்கிருந்து ஒரு மூட்டை கட்டிக்கொண்டு போனேன். எல்லாம் பழைய வேட்டி, பழைய சுங்கடிச் சேலை. அங்கே போனால் அலமாரி நிறைய வைப்ஸ் பாக்கெட். நான் ஆரம்பித்தேன், "ஏம்மா, ஒரு நாளைக்குப் பத்துத் தடவை, தடவைக்கு ரெண்டுன்னு வச்சாலும் இருபது. வருஷத்துக்கு 7300 ஆச்சு. காசைத் துடைச்சுத் துடைச்சு எறியிறியே..."

அவள் சண்டை போடவில்லை. நிதானமாக ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "அம்மா, துணி நல்லதுன்னு எனக்கும் தெரியும். யார் துவைக்கிறது? ராத்திரி ரெண்டு மணிக்குப் பால் கொடுத்துட்டு, காலையில ஆபீசுக்குப் போற நானா?"

நடுவர் அவர்களே, நான் வாயடைத்துப் போனேன். முப்பது வருஷமாகப் பள்ளிக்கூடத்தில் கேள்வி கேட்டவள் நான். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. வைப்ஸ் ஜெயித்தது துணி மட்டம் என்பதால் இல்லை. வாளியைத் தூக்க இரண்டாவது கை நீளவில்லை, அதனால்தான் ஜெயித்தது! (கைதட்டல்)

அன்று ராத்திரி அவளுக்கு ஒரு பழைய கதையைச் சொன்னேன். 1994. அவள் பிறந்து இரண்டு மாதம். ஐப்பசி அடைமழை. எனக்கு 103 டிகிரி காய்ச்சல். மாமியார் ஊரில் இல்லை. கொல்லைப்புறத்திலே நனைந்த துணி ஒரு வாளி நிறையக் கிடக்கிறது. விடியற்காலை நாலரை மணிக்குத் துவைக்கிற கல்லிலே சத்தம் கேட்டது. மெல்ல எழுந்து எட்டிப் பார்த்தேன். என் மாமனார்! பஸ் கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். தலையில் கோணியைக் கொங்காணி போட்டுக்கொண்டு, என் பிள்ளையின் துணியை அலசிக்கொண்டிருக்கிறார்.

எனக்குக் கை கால் ஓடவில்லை. "மாமா, விடுங்க, நான் பார்த்துக்கிறேன்" என்றேன். அதற்குள் பக்கத்து வீட்டுக்காரர் சுவருக்கு மேலே தலையை நீட்டி, "என்ன பெரியவரே, இந்த வயசுல இதெல்லாம் நீங்க செய்யலாமா?" என்றார். மாமனார் நிமிர்ந்து பார்க்கவே இல்லை. "முப்பது வருஷமா ஊரார் பிள்ளைகளை எல்லாம் பத்திரமா ஏத்தி இறக்கியிருக்கேன். என் பேத்தி துணியை அலசினா குறைஞ்சா போயிடுவேன்?" என்றார். (நீண்ட கைதட்டல்)

அன்று சாயங்காலமே என் வீட்டுக்காரரும் வாளியைத் தூக்கிவிட்டார். அப்பா செய்யும்போது பிள்ளை எப்படிச் சும்மா இருக்க முடியும்? என்ன ஒன்று, அவர் துவைத்த துணியை உதறினால் சோப்புத்தூள் பறக்கும்! (சிரிப்பு) அதையும் ஒரு வாரத்தில் கற்றுக்கொண்டார்.

இந்தக் கதையைக் கேட்டுக்கொண்டிருந்த என் மாப்பிள்ளை எழுந்து வந்து, "அத்தை, எப்படின்னு எனக்குச் சொல்லித் தாங்க" என்றார். அவருக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். நாலு முழ வேட்டி ஒன்றைச் சாண் சதுரமாக வெட்டினால் நாற்பது துண்டு தேறும். ஓரத்தை மடித்துத் தைக்க வேண்டும்; இல்லையென்றால் பிரிந்த நூல் குழந்தையின் பிஞ்சு விரலில் சுற்றி இறுக்கிவிடும். முகத்துக்கு வைத்திருக்கும் துண்டுக்கு நீல நூல், அடியில் துடைப்பதற்குச் சிவப்பு நூல். இரண்டும் கலக்கக் கூடாது. பெண் குழந்தையானால் முன்னாலிருந்து பின்னால்தான் துடைக்க வேண்டும். காய்ச்சி ஆறிய தண்ணீரை அப்போதைக்கு அப்போது நனைத்துக்கொள்ளுங்கள். நனைத்து டப்பாவில் அடைத்து வைத்தால் கிருமி வளரும். அழுக்கைக் கழிப்பறையில் அலசிவிட்டு, மூடி போட்ட வாளியில் போடுங்கள். வெந்நீரில் சோப்புப் போட்டுத் துவைத்து, சோப்புப் போக நன்றாக அலசி, வெயிலில் காயப் போடுங்கள். வாசனைத் திரவம் எல்லாம் வேண்டாம், அது துணி ஈரத்தை உறிஞ்சுவதைக் குறைத்துவிடும். மழைக்காலமா? இஸ்திரி போட்டு ஈரம் போக்குங்கள். அவ்வளவுதான். மாப்பிள்ளைக்குப் புரிந்துவிட்டது. அவர் பி.இ. படித்தவர்! (சிரிப்பு)

"மனைவிக்கு ஓய்வு கொடுக்கத்தானே வைப்ஸ் வாங்குகிறோம்" என்றார் எதிரணித் தலைவர். ஐயா, ஓய்வு கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் நீங்கள் சுருட்டி எறிகிறீர்களே, அது எங்கே போகிறது? 2016-இல் வந்த திடக்கழிவு விதிகளிலேயே, குழந்தையின் டயப்பர் போன்றவற்றைப் பத்திரமாகச் சுற்றித்தான் போட வேண்டும் என்று எழுதிவைத்தார்கள். எத்தனை பேர் சுற்றிப் போடுகிறோம்? மறுநாள் காலை ஒரு தூய்மைப் பணியாளர் அம்மா அதைக் கையால் பிரித்து எடுக்கிறார். அவர் வீட்டிலும் ஒரு கைக்குழந்தை இருக்குமே! நம்ம வீட்டுப் பெண்ணுக்குக் கொடுத்த ஓய்வு, இன்னொரு வீட்டுப் பெண்ணின் கையிலே அழுக்காகப் போய்ச் சேருகிறது. இது என்னங்க நியாயம்? (கைதட்டல்)

மணி அடித்துவிட்டார்கள். முடித்துவிடுகிறேன்.

துணி என்றாலே எல்லாம் சரியாகிவிடும் என்றும் நான் சொல்லவில்லை. குழந்தைக்குக் கட்டும் நாப்கின் துணியைப் பற்றி இங்கிலாந்தில் 2008-இல் கணக்குப் பார்த்தார்கள். எந்திரம் நிறையப் போட்டுத் துவைத்து, கொடியில் காயவைத்து, அதே துணியை அடுத்த குழந்தைக்கும் வைத்துக்கொண்டால்தான் சுற்றுச்சூழலுக்கு லாபம் என்றார்கள். கொடியில் காயப் போடுவதும், அக்கா துணியைத் தம்பிக்கு வைப்பதும் நமக்கு யாராவது சொல்லித் தர வேண்டுமா?

பஸ்ஸிலே போகிறோம், ஆஸ்பத்திரியிலே இருக்கிறோம், வைப்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள், குற்றமில்லை. 2019-இல் சென்னைக்குத் தண்ணீர் தரும் ஏரிகள் வறண்டு, குடத்தோடு ஜனங்கள் வரிசையில் நின்றபோது, துணி துவை என்று எந்தத் தாயிடமும் யாரும் சொல்லியிருக்க முடியாது. அது அவசரத்துக்கு. அவசரத்துக்கு வந்தது அன்றாடம் ஆகிவிடக் கூடாது என்பதுதான் எங்கள் கட்சி.

போன மாதம் பேரனைப் பார்க்கப் போயிருந்தேன். பால்கனிக் கொடியிலே வரிசையாக நீல நூல், சிவப்பு நூல் துண்டுகள். மாப்பிள்ளை ஒவ்வொன்றாக உதறிக் காயப் போடுகிறார். என் மகள் உள்ளே நிம்மதியாகத் தூங்குகிறாள். அவளை நான் எழுப்பவில்லை.

நடுவர் அவர்களே! குழந்தைக்கு ஏற்றது துவைத்த துணியே. ஆனால் அதைத் துவைக்கும் கை, தாயின் கையாக மட்டும் இருக்கக் கூடாது. அப்பாவும் தாத்தாவும் வாளியைத் தொடட்டும்; அந்த வீட்டுக்குத் துணியே துணை என்று கூறி முடிக்கிறேன். (கைதட்டல்)