ஐராவதியும் ஒரு தூரிகையும்



நாம் கூடியிருக்கும் இந்த ஜவ்வாது மலையில்தான் செய்யாறு பிறக்கிறது. அதில் நீராவிக் கப்பல் போனதில்லை, போகவும் முடியாது! ஆனால் 1855-ல் பர்மாவின் ஐராவதி ஆற்றில் போனது. மிண்டோன் மன்னரைப் பார்க்க, ஆர்தர் பேர் தலைமையில் ஆங்கிலேயத் தூதுக்குழு ரங்கூனிலிருந்து அமரபுரத்துக்குப் புறப்பட்டது. கூடவே கோல்ஸ்வொர்தி கிராண்ட் என்ற ஓவியர். லின்னேயஸ் ட்ரைப் என்ற புகைப்படக்காரர். பிறகு சென்னை அரசுக்காக மதுரையையும் தஞ்சையையும் படமெடுத்தவர் இதே ட்ரைப்தான்.

"கேமரா இருக்கும்போது ஓவியர் எதுக்கு சார்?" என்பீர்கள். அன்றைய கேமராவுக்கு நிறம் தெரியாது. அசைவதெல்லாம் கலங்கிப் போகும். அந்தப் பயணத்தின் நிறத்தை நமக்கு வைத்துவிட்டுப் போனவை கிராண்டின் நூற்றுக்கு மேற்பட்ட நீர்வண்ண ஓவியங்களே.

எனக்குப் பிடித்தவர் குழுவின் செயலர் ஹென்றி யூல். வங்காள இன்ஜினியர் படை அதிகாரி, நம்ம ஆள்! 1858-ல் வந்த அவருடைய பயண நூலில் அவரே வரைந்த படங்களும் உண்டு. அவர் படித்த அடிஸ்கோம்ப் கல்லூரியில் வரைவதும் ஒரு பாடம்.

இன்று சைட்டில் செல்போனில் நூறு படம் எடுக்கிறோம். ஒன்றையும் நின்று பார்ப்பதில்லை. கை வரைந்தால்தான், விரிசல் எங்கே தொடங்குகிறது என்று கண் தேடும்.

தம்பிகளே, தங்கைகளே, பையில் ஒரு பென்சிலும் நோட்டும் இருக்கட்டும். கையால் வரையும் மாணவருக்கு நம் சங்கம் ஆண்டுதோறும் ஒரு பரிசு தரட்டும். முதல் வருடப் பரிசு என் பொறுப்பு.