இரண்டு பேர் திறந்த கடிதம்

(பெற்றோர் கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கல்லூரிக் கம்ப்யூட்டரில் திருட்டு என்றால், "அது படித்தவர்கள் விவகாரம், ஆலையில் தறி ஓட்டுகிறவனுக்கும் வயலில் நாற்று நடுகிறவளுக்கும் அதில் என்ன வேலை?" என்று கேட்பீர்கள். வேலை இருக்கிறது. வயிற்றைக் கட்டி நாம் படிக்க வைக்கும் பிள்ளையின் மதிப்பெண், சம்பளம் கட்டிய ரசீது, உபகாரச் சம்பளம் வரும் பாங்குக் கணக்கு எல்லாம் இன்று கல்லூரிக் கம்ப்யூட்டரில்தான் இருக்கின்றன. அந்தப் பெட்டியைக் கள்ளன் ஒருவன் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டால் நஷ்டம் யாருக்கு?

நடந்த சம்பவம் ஒன்றைச் சொல்கிறேன். ஹாலந்து தேசத்தின் தெற்கே மாஸ்ட்ரிக்ட் நகரில் ஒரு சர்வகலாசாலை இருக்கிறது. 2019 அக்டோபர் 15, 16 தேதிகளில் அங்கே மின்னஞ்சல்கள் வந்தன. பார்வைக்குச் சாதாரணக் கடிதங்கள். இரண்டு பேர் அதிலிருந்த இணைப்பை அழுத்தினார்கள். ஒரு கணக்குத் தாள் திறந்தது. அதற்குள் விஷம் ஒளிந்திருந்தது.

அன்று ஒன்றும் நடக்கவில்லை. இதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். கள்ளன் இரண்டு மாதம் உள்ளேயே இருந்து, கம்ப்யூட்டர் கம்ப்யூட்டராகத் தாவினான். நண்டு வளை ஏரிக்கரையை அரிப்பதுபோல அரித்தான். பழுது பார்க்காமல் விட்ட இயந்திரங்கள் அவனுக்கு வழிவிட்டன. டிசம்பர் 23, கிறிஸ்துமஸ் சமயம். 267 சர்வர்கள் ஒரேயடியாகப் பூட்டப்பட்டன. சில பிரதிகள் அதே இணைப்பில் இருந்ததால் அவையும் மாட்டிக்கொண்டன. மாணவர் பரீட்சையும் ஆராய்ச்சியும் நின்றுவிடும் என்ற நிலையில், நிர்வாகம் 30 பிட்காயின், அதாவது சுமார் 2 லட்சம் யூரோ, கப்பம் கட்டியது.

ஆனால் அவர்கள் வாயை மூடிக்கொண்டிருக்கவில்லை. 2020 பிப்ரவரியில் நடந்ததை எல்லாம் பகிரங்கமாக எடுத்துச் சொன்னார்கள். மற்றவர்கள் பிழைத்துக்கொள்ளட்டும் என்று சொன்னார்கள். அதனால்தான் இன்று நாம் இதைப் பேச முடிகிறது.

சரி, குற்றம் யாருடையது? அழுத்திய இரண்டு பேருடையதா? ஒரு இழை அறுந்ததும் ஆலை முழுவதும் நின்றுபோனால், குற்றத்தை இழையின் தலையிலா கட்டுவோம்? மனிதன் ஏமாறத்தான் செய்வான். ஒருவன் ஏமாந்தாலும் கரை உடையாதபடி காப்பது நிர்வாகத்தின் கடமை. இயந்திரங்களை உரிய காலத்தில் பழுது பார்க்க வேண்டும். பிரதி ஒன்றை இணைப்பே இல்லாமல் தனியே வைக்க வேண்டும். இதை நாம் கேட்டுப் பெற வேண்டும்.

நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியது மூன்று. "உபகாரச் சம்பளம் வந்திருக்கிறது, உடனே அழுத்து" என்று அவசரப்படுத்தும் கடிதத்தை நம்பாதே. நேரே ஆபீசுக்குப் போய்க் கேள். பாஸ்வேர்டையும், போனுக்கு வரும் ரகசிய எண்ணையும், கல்லூரி ஆபீஸ் என்று சொன்னாலும், எவனுக்கும் கொடுக்காதே. தவறி அழுத்திவிட்டால் அந்த மணியே போய்ச் சொல்.

இந்த மூன்றாவதுதான் முக்கியம். திட்டுக்குப் பயந்த பிள்ளை மறைப்பான். அவன் மறைக்கும் ஒவ்வொரு நாளும் கள்ளனுக்கு லாபம். ஆகையால், வந்து சொல்லும் பிள்ளையை வையாதீர்கள். அவனோடு கல்லூரிக்கு நடங்கள்.