வமிசம் அறிவோம், உறவைப் பேணுவோம்



உங்கள் பாட்டனாரின் தந்தை பெயர் என்ன என்று கேட்டால், நம்மில் பலர் சற்றுத் திகைத்தே போவோம். அவருடைய துணைவியாரின் பெயரைக் கேட்டாலோ பதிலே இராது. ஆனால், உறவினரைச் சேர்ந்து வாழ எந்த அளவு தேவையோ அந்த அளவுக்கு வமிசத்தை அறிந்துகொள்ளுமாறு அண்ணல் நபி (ஸல்) அவர்கள் நமக்கு அறிவுறுத்தியுள்ளார்கள். திர்மிதீயில் இது பதிவாகியுள்ளது.

குலப்பெருமை பேசுவதற்கான தேடல் அன்று இது. இறையச்சமே சிறப்பின் அளவுகோல் என்று அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 13ஆம் வசனம் அந்த வாசலை அடைத்துவிட்டது. முன்னோர் அரபு நாட்டிலிருந்து வந்தவர்கள் என்று சொல்லிக்கொள்ளும் ஆசை சில குடும்பங்களில் உண்டு. சான்று இல்லாமல் அதை எழுதி வைக்காதீர்கள். உங்கள் பாட்டனார் வயலில் உழுதவர் என்றாலும், தறியில் நெய்தவர் என்றாலும், அதையே எழுதுங்கள்.

குறைஷியரின் வமிசங்களை நன்கறிந்தவர் அபூபக்ர் (ரலி) அவர்கள். குறைஷியரின் வசைக்குக் கவிதையால் பதில் சொல்ல முன்வந்த ஹஸ்ஸான் (ரலி) அவர்களிடம், முதலில் அபூபக்ரிடம் சென்று வமிச விவரங்களை அறிந்து வருமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். தமது வமிசமும் அதனுள் இருக்கிறது என்பதே காரணம். ஸஹீஹ் முஸ்லிமில் இச்செய்தி உள்ளது.

நாமும் அவ்வாறே தொடங்குவோம். அலமாரியைக் குடைவதற்கு முன், நன்னியிடமோ பெரியத்தாவிடமோ ஒரு நோட்டுப் புத்தகத்துடன் சென்று அமருங்கள். பத்திரம் நாளையும் இருக்கும். அவர்கள் இருப்பார்களா என்பதை அல்லாஹ்வே அறிவான். எந்த ஆண்டு என்று கேட்டால் அவர்களால் சொல்ல இயலாது. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயலுக்கு முன்பா, பின்பா என்று கேட்டால் சொல்லிவிடுவார்கள். பர்மாவிலிருந்து திரும்பிய குடும்பமாயின், 1942 யுத்தத்தில் காட்டுவழி நடந்து வந்தவர்களா, 1964இல் கடைகள் நாட்டுடைமையான பின் வந்தவர்களா என்று கேளுங்கள்.

பாட்டனார் பெயரைப் பேரனுக்குச் சூட்டுவது நம்மிடையே பரவலான வழக்கம். ஆகவே ஒரே பெயரில் மூவர், நால்வர் வருவர். பெயருடன் வீட்டுப் பெயர், பிறந்த ஊர், மனைவி பெயர் ஆகியவற்றையும் சேர்த்து எழுதினால்தான் யார் எவர் என்று பிரித்தறிய முடியும். எடுத்து வளர்த்த பிள்ளையை அவரைப் பெற்ற தந்தையின் பெயரிலேயே குறியுங்கள். ஸைத் இப்னு முஹம்மத் என்று அழைக்கப்பட்டு வந்த ஸைத் (ரலி) அவர்கள், அல்அஹ்ஸாப் 5ஆம் வசனம் அருளப்பட்ட பின் ஸைத் இப்னு ஹாரிஸா என்றே அழைக்கப்பட்டார்கள். அதனால் அவர் மீது நபியவர்கள் கொண்டிருந்த பாசம் சிறிதும் குறைந்துவிடவில்லை.

வீட்டுப் பெண்களிடம் தனியே கேட்டறிய வேண்டியது பால்குடி உறவு. எந்த ஏட்டிலும் அது பதிவாவதில்லை. உக்பா இப்னு ஹாரிஸ் (ரலி) அவர்கள் மணமுடித்த பின், உங்கள் இருவருக்கும் நான் பாலூட்டியிருக்கிறேன் என்று ஒரு பெண்மணி வந்து கூறினார். உக்பா மக்காவிலிருந்து மதீனாவுக்குப் பயணம் செய்து நபி (ஸல்) அவர்களிடம் கேட்க, அந்த மணவாழ்வு முடிவுக்கு வந்தது (புகாரீ). ஷாஃபிஈ மத்ஹபில் ஐந்து முறை அருந்தியிருக்க வேண்டும். ஹனஃபீ மத்ஹபில் சிறிதளவே போதும். பெண் பார்க்கத் தொடங்கும் முன் இதை விசாரித்து வைப்பது எவ்வளவு பெரிய துயரத்தைத் தடுக்கும்!

அடுத்து ஜமாஅத்தின் நிக்காஹ் தஃப்தர். மணமக்கள், அவர்களின் தந்தையர், வலீ, சாட்சிகள், மஹர் என ஒரே பக்கத்தில் இரு குடும்பங்கள் கிடைக்கும். பழைய ஏடுகளில் ஹிஜ்ரி தேதி இருக்கலாம். அரபுத்தமிழில் எழுதப்பட்டிருந்தால் மதரஸாவில் ஓதியவர் ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். நிர்வாகிகளின் அனுமதி பெற்றுப் படமெடுத்துக்கொள்ளுங்கள். பூச்சி அரிக்கும் ஏடுகள் அவை.

இறுதியாக வீட்டிலுள்ள தாய்ப்பத்திரங்கள். இங்கேதான் மனம் கனக்கும். பாட்டனாருக்கு மூன்று மகன்களும் இரு மகள்களும் என்று நன்னி சொல்லியிருப்பார்; பாகப்பிரிவினைப் பத்திரத்திலோ மகன்களின் பெயர்கள் மட்டுமே இருக்கும். பெற்றோர் விட்டுச் சென்றதில், அது குறைவாயினும் அதிகமாயினும், பெண்களுக்கும் பங்குண்டு என்று அந்நிஸா அத்தியாயத்தின் 7ஆம் வசனம் விதித்திருக்க, சீர் செய்து கட்டிக்கொடுத்ததைச் சொல்லியே அவர்களை விலக்கிய வீடுகள் நம் மஹல்லாக்களில் குறைவா? அவர்கள் மனமுவந்து விட்டுக்கொடுத்தார்களா, கேட்கத் துணியாமல் இருந்துவிட்டார்களா என்பதையும் அந்த மூத்தவரிடமே கேளுங்கள்.

பங்கு நிலுவையில் இருப்பது உறுதியானால், அதை நிறைவேற்ற ஒரு ஆலிமையும் வழக்கறிஞரையும் அணுகுங்கள். பாகம் பிரியும் முன்பே வாரிசுகளும் அடுத்தடுத்து இறந்துபோன சொத்துக்கு ஃபராயிள் சட்டத்தில் முனாஸகா என்ற கணக்கு உண்டு. அந்த ஆலிம் உங்களிடம் கேட்கும் முதற்கேள்வி, யாருக்கு முன் யார் மௌத்தானார்கள் என்பதே. தந்தைக்கு முன் இறந்த மகள் அவருடைய வாரிசு ஆகமாட்டார்; பின்னர் இறந்திருந்தால் அவர் பங்கு அவருடைய வாரிசுகளைச் சேரும். ஆகவே ஒவ்வொரு பெயரின் கீழும் மௌத்தான நாளை எழுத ஒரு வரி ஒதுக்குங்கள். நாள் தெரியாவிட்டால், யாருக்கு முன், யாருக்குப் பின் என்றாவது எழுதுங்கள்.